பாகங்களைக் குறித்தவர்கள்

'படம் வரைந்து பாகங்களைக் குறிக்க' என்னும் ஆணையை வினாத்தாளில் சந்திக்காமல் தமிழ்வழிப் பள்ளியைக் கடந்து வந்தவர் எவரும் இரார். இருதயத்தையோ செம்பருத்திப் பூவையோ எத்தனை லட்சணமாக வரைந்திருந்தாலும், அளவுகோலை வைத்துப் பக்கவாட்டில் கோடிழுத்து, அக்கோட்டின் முனையில் இன்னது இன்னதென்று பெயர் எழுதாத மாணவனுக்கு முழு மதிப்பெண் கிட்டுவதில்லை. இந்தக் கண்டிப்பு நம் ஆசிரியர்களுடைய சிருஷ்டி அன்று. சித்திரத்தைச் சாஸ்திரத்துக்குத் துணையாக மனிதன் அழைத்த நாள் தொட்டே அதன்மேல் பெயர் எழுத வேண்டிய அவசியமும் கூடவே வந்துவிட்டது. இன்று கணினித் திரையில் மாதிரிப் படம் வரையும் மென்பொருளைத் திறந்து, ஒரு கட்டத்தை இட்டு, அதன்மீது இருமுறை சொடுக்கிப் பெயரைத் தட்டச்சு செய்யும் பொறியாளர், தாம் செய்வதை ஒரு காரியமாகவே எண்ணமாட்டார். ஆயினும் படத்தின்மேல் பெயரை எப்படி எழுதுவது, எங்கே எழுதுவது என்பது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வரும் ஒரு விவகாரம். அதில் இரண்டு கட்சிகள் உண்டு. பொருளின்மேல் ஓர் எழுத்தை மட்டும் அடையாளமாக இட்டுவிட்டு, அதன் விவரத்தை வேறோரிடத்தில் அட்டவணையாகத் தருவோர் ஒரு கட்சி. பெயரையே பொருளின்மேல் எழுதிவிட வேண்டும் என்போர் மற்றொரு கட்சி.

யவன தேசத்து க்ஷேத்திர கணித நூல்கள் முதற் கட்சியைச் சேர்ந்தவை. யூக்ளிட் காட்டும் முக்கோணத்தில் மூலைக்கு ஒன்றாக ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று எழுத்துகள் நிற்கும். 'இதோ, இந்தப் புள்ளி' என்று சுட்டுவதற்கு மேல் அவற்றுக்கு வேறு தொழில் இல்லை. கணிதத்துக்கு இது முற்றிலும் போதுமானது. ஏனெனில் அங்கே புள்ளி என்பது எந்தப் புள்ளியாகவும் இருக்கலாம், அன்றியும் படம் தொலைந்துபோனாலும் வாசகத்தைக் கொண்டே அதை மறுபடி வரைந்துவிடலாம். உயிருள்ள உடம்பின் விஷயம் அப்படிப்பட்டதன்று. அரிஸ்டாட்டில் பிராணிகளைப் பற்றி எழுதிய பெருநூலின் மூன்றாம் பகுதியில், ஆண் பிராணிகளின் உற்பத்தி உறுப்புகளை விவரிக்கும்போது, பெருநாடியிலிருந்து நாளங்கள் புறப்படும் இடம் ஆல்ஃபா என்றும், மூத்திரப்பை எப்சிலான் என்றும், விரைகள் ப்ஸை என்றும் எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே போகிறார். கையில் ஒரு படத்தை வைத்துக்கொண்டுதான் அவர் பேசியிருக்கிறார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பிரதி எடுத்தவர்களின் கைகளில் பல நூற்றாண்டுகள் உருண்டு வந்த அந்தக் கிரந்தத்தில் எழுத்துகள் மட்டுமே நமக்கு வந்து சேர்ந்தன, படம் போய்விட்டது. பெயரையும் பொருளையும் தனித்தனியே வைத்தால், ஒன்று மற்றொன்றை விட்டுவிட்டுப் பிரயாணம் செய்துவிடும் என்பதற்கு இதைவிடப் பழைய திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

அச்சு யந்திரம் வந்த பிறகு படமும் வாசகமும் ஒரே புத்தகத்தில் பிரியாமல் இருக்க வழி பிறந்தது. 1543-ஆம் ஆண்டில் பேசல் நகரில் ஜொஹான்னஸ் ஒப்போரினஸ் அச்சிட்டு வெளியிட்ட ஆந்த்ரேயாஸ் வெஸாலியஸின் உடற்கூற்று நூல் அந்த வழியில் நடந்த முதல் மகா காரியம் எனலாம். அதற்கான மரக்கட்டைகள் வெனிஸ் நகரத்திலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து பேசலுக்கு அனுப்பப்பட்டன; எந்தப் படம் எங்கே அமையவேண்டும் என்று வெஸாலியஸ் தம் அச்சகத்தாருக்கு விரிவாக எழுதிய கடிதமும் அந்த நூலிலேயே அச்சாகியிருக்கிறது. தோலுரிந்த மனிதர்கள் இத்தாலிய நிலக்காட்சியின் நடுவே கம்பீரமாக நிற்கும் அந்தப் படங்களில், ஒவ்வொரு தசையின் மேலும் நரம்பின் மேலும் கடுகளவான ஓர் எழுத்து இருக்கும். பாகங்கள் மிகுந்து எழுத்துகள் போதாமற் போகவே, ரோமானியப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, கிரேக்க எழுத்து, எண், இவற்றிலும் அடங்காத சில விசித்திரக் குறிகள் என்று அவர் ஒரு சேனையையே திரட்டவேண்டியிருந்தது. படத்துக்கு அருகே அவ்வெழுத்துகளின் அட்டவணை; அதற்கப்பால் வாசகம்; வாசகத்தின் ஓரத்திலோ, 'இன்ன படத்தில் இன்ன எழுத்தைப் பார்' என்று திரும்பவும் படத்துக்கு அனுப்பும் குறிப்புகள்.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை வியக்காமல் இருக்கமுடியாது. அதனால் வாசகன் பட்ட சிரமத்தையும் மறைக்கமுடியாது. தசையின் உருட்சியைக் காட்டுவதற்காக நெருக்கி இழைத்த நிழற்கோடுகளுக்குள்ளே அந்த எழுத்து ஒளிந்து நிற்கும். அதைத் தேடிப் பிடித்து, அட்டவணைக்கு ஓடி, அங்கே கண்ட பெயரை மறவாமல் சுமந்துகொண்டு மீண்டும் படத்துக்கு வருவதற்குள், எந்தத் தசையில் தொடங்கினோம் என்பது மறந்துபோகும். வெஸாலியஸ் சித்திரத்தின் அழகுக்கு ஊறு வரக்கூடாது என்று கருதினார் என்றே நான் நினைக்கிறேன். ரசிகனுக்குக் கொடுத்த சலுகை அது, மாணவனுக்குக் கொடுத்ததன்று. சுரங்கத் தொழிலைப் பற்றி அக்ரிகோலா எழுதி 1556-இல், ஆசிரியர் காலமான பின், அதே பேசல் நகரில் வெளியான நூலிலும் இந்த முறையே காணப்படுகிறது. ஆனால் அங்கே நீரிறைக்கும் யந்திரத்தின் உருளையும் சங்கிலியும் பருமனானவை, எழுத்துகளும் சில; ஆகவே தேடும் தொல்லை குறைவு.

மறு கட்சிக்கு வெற்றி தேடித் தந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். லண்டன் செயின்ட் ஜார்ஜ் வைத்தியசாலையைச் சேர்ந்த ஹென்றி கிரே எழுதி 1858-இல் வெளிவந்த உடற்கூற்று நூலை உலகமெல்லாம் கிரேயின் பெயராலேயே அறியும். அதிலுள்ள 363 படங்களையும் வரைந்தவர் கார்ட்டர். அவர் தாமும் வைத்தியம் கற்றவர். பரீட்சைக்குப் படிக்கும் மாணவனுடைய அவஸ்தை இன்னதென்று அனுபவத்தில் அறிந்தவர். ஆதலால் எழுத்தும் அட்டவணையும் வேண்டாமென்று தள்ளி, ரத்தக்குழாயின் பெயர் ரத்தக்குழாயோடு வளைந்து செல்லவும், தசையின் பெயர் தசைநார் ஓடும் திசையிலேயே ஓடவும், எலும்பின் முகட்டில் ஒட்டும் தசையின் பெயர் அந்த முகட்டின்மேலேயே அமர்ந்திருக்கவும் செய்தார். கண் ஒருமுறை படத்தில் விழுந்தால் உருவமும் பெயரும் ஒன்றாகவே மனத்திற் பதியும். அதற்கு இடமளிக்கும் பொருட்டுப் படத்தை நிழலால் நிரப்பாமல், தெளிவான கோடுகளும் வெண்மையான வெளியுமாக அவர் அமைத்தார். பெயர் எழுதவேண்டும் என்னும் எண்ணம் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்ளாமல் ஆரம்பத்திலேயே இருந்ததால் சித்திரத்தின் நடையே மாறிவிட்டது.

இதைச் செய்த விதத்தையும் சற்றுக் கிட்ட நின்று பார்ப்பது தகும். அக்காலத்தில் அச்சுப்படத்துக்குப் பாக்ஸ் என்னும் மரத்தின் கட்டையைக் குறுக்கே அறுத்து, அந்த வெட்டுமுகத்தை இழைத்து மெருகேற்றுவார்கள். அதன்மேல் நேரே பென்சிலால் வரையவேண்டும். கட்டையில் வலமாக இருப்பது தாளில் இடமாக விழுமாதலால், உடம்பின் இடப்பக்கத்தை வலப்பக்கமாக வரைவதோடு, ஒவ்வொரு பெயரும் கண்ணாடியில் தெரிவதுபோலப் பின்னோக்கி அமைந்தாக வேண்டும். பிறகு செதுக்குவோர் கோடும் எழுத்தும் மேலெழுந்து நிற்க, மற்ற இடத்தையெல்லாம் உளியால் அகற்றுவர். மயிரிழையளவான எழுத்தின் கால் ஒன்று உடைந்தால் அந்தப் பெயர் ஊனமாகும். இத்தனை பாடுபட்டுப் பிற பொருள்களுக்கெல்லாம் பெயரிட்ட கார்ட்டரின் சொந்தப் பெயருக்கு நேர்ந்த கதி விநோதமானது: முகப்புப் பக்கத்தின் திருத்தப்படியில் அவருடைய பெயரைச் சிறிய எழுத்தில் அமைக்கும்படி கிரே குறித்திருக்கிறார். கார்ட்டர் அதற்குள் பம்பாய்க்குப் புறப்பட்டுப் போய், கிராண்ட் வைத்தியக் கல்லூரியில் ஆசிரியரானார். குஷ்டரோகத்தையும், பாதத்தைப் பீடிக்கும் பூஞ்சை நோயையும் ஆராய்ந்து, இந்தியாவிலேயே நெடுங்காலம் உழைத்தார். கிரே 1861-இல் அம்மை நோய்க்கு இரையானார்.

பெயர் படத்தின் உடம்பிலேயே ஏறிவிட்டதால் வேறொரு சங்கடம் பிறந்தது. வெஸாலியஸின் படத்தை எந்தத் தேசத்தாரும் அப்படியே எடுத்துக்கொண்டு, அட்டவணையை மட்டும் தங்கள் பாஷையில் அச்சுக் கோத்துவிடலாம்; கார்ட்டரின் படத்திலோ ஆங்கிலம் கட்டையிலேயே செதுக்கியிருக்கிறது. அப்படிப்பட்ட நூலைத் தமிழிலும் கொண்டுவர ஒருவர் துணிந்தார். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் கிரீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே மாணவர்களுக்குப் போதித்தவர். அவரது முயற்சியால் கிரேயின் நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயரோடு 1872-இல் தமிழில் வெளிவந்தது. ஒவ்வொரு நரம்புக்கும் முகட்டுக்கும் குழிக்கும் தமிழிலோ ஸமஸ்கிருதத்திலோ பெயர் தேடவேண்டிய பாரத்தை அவரும் அவருடைய மாணாக்கரும் தாங்கினார்கள். பெயர் இல்லாத பாகத்தை விளக்கிச் சொல்லிவிட்டுப் போவது வாசகத்தில் கூடும். படத்தில் குறிப்பதற்கோ ஒரு பெயர் இருந்தே ஆகவேண்டும்.

வைத்தியர்களை விட்டு யந்திர சிற்பிகளிடம் வந்தால், அங்கே பெயர் எழுதுவதே தனியொரு கைத்தொழிலாக வளர்ந்திருப்பதைக் காண்கிறோம். 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த நீலப் பிரதி முறை அந்நூற்றாண்டின் இறுதிக்குள் வரைவு அலுவலகங்களில் எங்கும் பரவிற்று. மூலப் படத்தின்மேல் கஞ்சியேற்றிய துணியையோ ஊடுதெரியும் தாளையோ விரித்து, இந்திய மையால் பிரதி எடுத்து, அதை வெயிலில் வைத்து நீலப் படங்களை எடுப்பார்கள். பழைய பாணியில் தடித்தும் மெலிந்தும் வாலும் கொடியுமாக எழுதிய எழுத்துகள் அதில் கலங்கிப் போயின. பணிமனையில் எண்ணெய்க் கையோடு படத்தைப் பிரித்துப் பார்க்கும் தொழிலாளிக்கு மூன்றுக்கும் எட்டுக்கும் பேதம் தெரியாவிட்டால் இரும்பு வீணாகும். 'என்ஜினீயரிங் நியூஸ்' பத்திரிகையின் தலைமை வரைவாளராக இருந்த சார்லஸ் ரைன்ஹார்ட் 1893-இல் வெளியிட்ட ஒரு சிறு புத்தகத்தில், பேனாவை ஒரே அழுத்தத்தில் ஓட்டி எழுதும் எளிய எழுத்து முறையை விதியாக்கித் தந்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் எந்தக் கோடு முதலில், எந்தத் திசையில் என்பது வரை அதில் சொல்லப்பட்டிருந்தது.

கணினிக்கு முன்னிருந்த நம் ஊர் வரைவு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் வாரிசுகள் நன்கு பழக்கமானவை. எழுத்து எழுத்தாகத் துளையிட்ட ஸ்டென்சில், அத்துளைக்குள் செங்குத்தாகப் பிடித்து ஓட்டவேண்டிய ரோட்ரிங் பேனா, மை காயுமுன் ஸ்டென்சிலை நகர்த்திவிட்டால் பரவும் கறை, அந்தக் கறையைப் பழைய பிளேடால் தாள் கிழியாமல் சுரண்டி எடுக்கும் லாவகம், பிறகு அம்மோனியா நெடியோடு வெளிவரும் பிரிண்ட் ஆகிய இவையெல்லாம் அத்தொழிலின் அங்கங்கள். கோடு இழுப்பதில் சமர்த்தரான பலர் எழுத்தில் தோற்றுப் போவதுண்டு. ஆகவே கையெழுத்து முத்தாக இருப்பவரிடம் தலைப்பும் அளவும் எழுதும் வேலை தானாகவே போய்ச் சேரும். 1982-இல் ஆட்டோகேட் என்னும் வரைவு மென்பொருள் வந்த பின் அந்தக் கை ஓய்ந்தது. ஆனால் புதிய தொல்லை ஒன்று வந்தது. கட்டிடத்தைத் திரையில் முழு அளவிலேயே வரைவதால், 1-க்கு 100 என்ற விகிதத்தில் அச்சிடும்போது எழுத்து 3 மில்லிமீட்டர் உயரம் இருக்கவேண்டுமானால், திரையில் அதை 300 மில்லிமீட்டர் உயரமாக இடவேண்டும்; விகிதம் மாறினால் எழுத்தும் எறும்பாகும் அல்லது யானையாகும்.

கண்ணுக்குத் தெரியாத காரியங்களுக்குப் படம் வரையும் வழக்கம் இதற்கிடையே தனியே வளர்ந்து வந்தது. ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் 1921-இல் தொழிற்சாலை வேலையின் படிகளைக் குறிகளால் காட்டும் வரைபடத்தை அமெரிக்க யந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் வைத்தனர். கோல்ட்ஸ்டைனும் ஃபான் நாய்மனும் 1947-இல் கணினிக்கு இடும் கட்டளைகளின் ஓட்டத்தைக் கட்டங்களும் அம்புகளுமாக வரைந்து காட்டினர். இருதயத்தின் படத்தில் பெயர் இல்லாவிட்டாலும் இருதயம் இருதயந்தான். இந்தப் படங்களிலோ பெயரை எடுத்துவிட்டால் எஞ்சுவது வெறும் சதுரம். பாகம் முதலில், பெயர் பிறகு என்ற முறை போய், பெயரே பாகமாகிவிட்டது. கட்டத்தின் அளவையோ ஐ.பி.எம். முதலிய நிறுவனங்கள் வழங்கிய பிளாஸ்டிக் அச்சுப் பலகை நிர்ணயித்துவிட்டது. ஆகவே விஷயம் கட்டத்துக்குள் அடங்கும்படி சொற்களைத் தறித்துச் சுருக்கினார்கள். தாளில் இடம் தீர்ந்தால் ஒரு சிறு வட்டத்துக்குள் ஓர் எழுத்தை இட்டு, அடுத்த தாளில் அதே எழுத்திட்ட வட்டத்திலிருந்து தொடர்வார்கள். வெஸாலியஸின் முறைக்கு இப்படியும் ஒரு மறுபிறவி.

திரையில் படம் வரைந்து அதன்மேல் பெயர் எழுதும் வித்தையை முதலில் நிகழ்த்திக் காட்டியவர் ஐவன் சதர்லாண்ட். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் லிங்கன் ஆய்வுக்கூடத்தில், டி.எக்ஸ்-2 என்னும் கணினியில், ஒளிப்பேனாவால் வரையும் ஸ்கெட்ச்பேட் என்ற முறையை அவர் 1963-இல் தம் ஆராய்ச்சிப் பட்டத்துக்காக அளித்தார். அதில் எழுத்துகளும் கோட்டுத் துண்டுகளாலும் வட்டத் துண்டுகளாலும் ஆனவையே. ஒரு வரிக்கு 36 எழுத்துகளுக்கு மேல் போகாது. ஆனால் அதைவிட விசேஷமான ஒன்று அதில் இருந்தது. பாலம் ஒன்றை வரைந்து அதன்மேல் பாரத்தை ஏற்றினால், ஒவ்வோர் உறுப்பும் தாங்கும் விசையின் அளவை அருகிலுள்ள எண் காட்டும். பாலத்தின் வடிவத்தை மாற்றினால் அந்த எண்ணும் தானே மாறும். கார்ட்டரின் கட்டையில் செதுக்கிய பெயர் என்றைக்கும் அசையாது. சதர்லாண்டின் குறிப்போ கணினியின் உள்ளே இருக்கும் ஒரு மதிப்பின் நிழல்.

இந்த நிழலைத்தான் இன்றைய மாதிரி மென்பொருள்கள் தொழிலாக்கின. பீட்டர் சென் 1976-இல் தரவுகளை வரையும் முறையைச் சொன்னபோது, பொருள்களுக்குச் செவ்வகமும் அவற்றின் உறவுக்குச் சாய்சதுரமும் வைத்து, இணைக்கும் கோடுகளின்மேல் ஒன்று, பல என்பதைக் குறிக்கும் அடையாளங்களையும் எழுதினார். பூச், ரம்பா, ஜேக்கப்சன் என்னும் மூவர் தத்தம் முறைகளை இணைத்து உருவாக்கிய யூ.எம்.எல். என்னும் மாதிரி வரையும் மொழி 1997 நவம்பரில் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது; அதில் பெயர் எழுதுவதற்கு ஓர் இலக்கணமே உண்டு. வகையின் பெயர் கட்டத்தின் தலையில் நடுவே தடித்த எழுத்தில் வரவேண்டும். நேரடி உருவம் இல்லாத அருவ வகையானால் சாய்ந்த எழுத்தில் வரவேண்டும். வகை முழுமைக்கும் பொதுவான உறுப்பானால் அடிக்கோடு. இரண்டு கட்டங்களை இணைக்கும் கோட்டின் நடுவே உறவின் பெயர், அதை எந்தப் பக்கமிருந்து படிப்பது என்று காட்ட ஒரு சிறு கரிய முக்கோணம். கோட்டின் இரு முனைகளிலும் எத்தனைக்கு எத்தனை என்னும் கணக்கு. சாய்ந்த எழுத்துத் தமிழுக்கு இயல்பன்று என்பதைத் தரம் வகுத்தவர்கள் யோசிக்க நியாயமில்லை. தமிழில் சாய்த்த பெயரைக் கண்டால் அச்சுப் பிசகென்றே பலர் எண்ணுவர்.

பழகாதவரைப் பொறியில் சிக்கவைக்கும் நுணுக்கம் ஒன்று இங்கே உண்டு. இத்தகைய மென்பொருளில் இருவகை எழுத்துகள் ஒரே தோற்றத்தோடு உலவுகின்றன. ஒன்று, வெறும் உரைப்பெட்டி: படத்தின்மேல் ஒட்டிய சீட்டு. அருகிலுள்ள கட்டத்தை நகர்த்தினால், அது பின்தொடராமல் பழைய இடத்திலேயே அநாதையாக நிற்கும். மற்றொன்று, மாதிரியின் உறுப்புக்குரிய பெயர். அது படத்தில் இல்லை, உள்ளேயுள்ள ஏட்டில் இருக்கிறது, படம் அதைப் படித்துக் காட்டுகிறது. 'வாடிக்கையாளர்' என்பதை ஒரு படத்தில் 'உறுப்பினர்' என்று மாற்றினால், அந்த உறுப்பு வரும் பிற படங்களிலெல்லாம் அதே கணத்தில் பெயர் மாறும். படத்திலிருந்து ஒரு கட்டத்தை நீக்குவது வேறு, மாதிரியிலிருந்து நீக்குவது வேறு. இதை அறியாமல் அழித்துவிட்டுத் தவித்தவர்கள் அநேகர். பொருளின்மேல் பெயர், அப்பெயருக்கு ஆதாரமாக வேறோரிடத்தில் ஓர் அட்டவணை என்று பழைய கட்சிகள் இரண்டும் இங்கே சமரசமாகிவிட்டன. ஆயினும் ஒரு நிறுவனத்தின் மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு மாதிரியைக் கொண்டுபோக வகுத்த எக்ஸ்.எம்.ஐ. என்னும் பரிமாற்ற முறையின் தொடக்க காலத்தில், உறுப்புகளும் பெயர்களும் உறவுகளும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. எந்தக் கட்டம் எங்கே இருந்தது, எந்தப் பெயர் எங்கே நின்றது என்பது போகவில்லை. அரிஸ்டாட்டிலுக்கு நேர்ந்ததைத்தான் அப்படி மாதிரியைக் கொண்டுபோனவர்களும் அனுபவித்தார்கள்.

எங்கே நிற்கவேண்டும் என்னும் கேள்வியை முறையாக ஆராய்ந்தவர்கள் தேசப்பட நிபுணர்கள். சூரிச் நகரத்துப் பேராசிரியர் எட்வார்ட் இம்ஹோஃப் 1962-இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஊரைக் குறிக்கும் புள்ளிக்கு வலப்பக்கம் சற்று மேலே பெயர் அமைவதே சிறப்பு, கடற்கரைப் பட்டினத்தின் பெயரைக் கடலில் எழுதுக, ஆற்றின் பெயர் ஆற்றோடு வளையட்டும் என்றெல்லாம் விதி செய்தார். பின்ஹாஸ் யோலி 1972-இல் அவ்விதிகளைக் கணினிக்குப் புகட்ட முயன்றார். கேட்பதற்கு எளிதான இந்தக் காரியம் எத்தனை கடினமானது என்பது 1991-இல் கணித ரீதியாக நிரூபிக்கப்பட்டது. ஐம்பது புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு இடங்களில் ஒன்றில் பெயர் எழுதலாம் என்று வைத்துக்கொண்டால், மொத்த வாய்ப்புகள் 1-க்குப் பின் 30 சுழியங்களைப் போட்டால் வரும் எண்ணையும் தாண்டும். எதுவும் எதன்மேலும் ஏறாத அமைப்பை எல்லாச் சமயத்திலும் விரைவாகக் கண்டுபிடிக்கும் வழி எவருக்கும் அகப்படவில்லை. தமிழ்ப் பெயர்களோ ஆங்கிலப் பெயர்களைவிட நீளமாக விரிபவை. 'கணக்கு விவரத் திருத்தம்' என்பதைக் கட்டத்துக்குள் அடைக்கக் கட்டத்தை அகலமாக்கினால் அடுத்த கட்டம் இடிபடும், எழுத்தைச் சிறிதாக்கினால் கொம்பும் புள்ளியும் கண்ணுக்குத் தப்பும். எனவே மென்பொருள் தனக்குத் தெரிந்த மட்டும் லேபிள்களை ஒதுக்கி வைக்கிறது. மிச்சத்தை மனிதர் சுட்டியால் இழுத்துச் சரிசெய்கிறார். அப்படிச் சரிசெய்ததை 'தானாக அடுக்கு' என்னும் பொத்தானைத் தெரியாமல் தொட்டு ஒருமுறை கலைத்துக்கொண்டவர், மறுமுறை அந்தப் பொத்தானின் பக்கமே போவதில்லை.